அங்கோரா, பாலியா, யாழ்ப்பாணமா? இருவருக்கு எட்டு நாள்

தம்பி செந்திலுக்கும் கவிதாவுக்கும் வருகிற தை மாதம் கல்யாணமாகி 25 வருஷம். பிள்ளைகள் இருவரும் பணம் போட்டு, "எங்கேயாவது வெளிநாடு போய்வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். துபாய் வேண்டாம், சிங்கப்பூர் வேண்டாம், கோயிலும் ஊரும் மனிதர்களும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே மனசு. ஒற்றுமை அதோடு சரி. அவனுக்கு கம்போடியாவின் அங்கோர் வாட். அவளுக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவு. நடுவில் என் வீட்டுக்காரர் புகுந்து, "ஏன், யாழ்ப்பாணம் போங்களேன்" என்று மூன்றாவது ஒன்றையும் கிளப்பிவிட்டார்.

மூன்று இடத்துக்கும் நாங்கள் போய்வந்திருக்கிறோம் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. போனில் பேசிப் பேசி முடியவில்லை. எழுதியே தந்துவிடுகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முதலில் நான் கேட்ட கேள்வி இது: நீங்கள் கோயில் பார்க்கப் போகிறீர்களா, கும்பிடப் போகிறீர்களா? சிரிக்காதீர்கள். அங்கோர் பார்க்கிற இடம். யாழ்ப்பாணம் கும்பிடுகிற இடம். பாலியில் அவர்கள் கும்பிடுவதை நாம் பார்க்கலாம். செலவு, விசா, விமானம் எல்லாம் அப்புறம்தான்.

அங்கோரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கம்போடியாவில் சியெம் ரீப் என்கிற ஊரில் தங்கிக்கொண்டு தினமும் கோயில்களுக்குப் போய்வர வேண்டும். அங்கோர் வாட்டை 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டினான். நடுக்கோபுரம் 65 மீட்டர். உயரத்தில் ஏறக்குறைய நம் தஞ்சைப் பெரிய கோயில் விமானம்தான். ஆனால் பரப்பில் மிரட்டிவிடும். சுற்றியிருக்கும் அகழியே 190 மீட்டர் அகலம். அகழிக்கு இந்தக் கரையில் நின்று பார்த்தால் கோயில் ஏதோ வேறு ஊரில் இருக்கிற மாதிரித் தெரியும்.

எல்லோரும் அங்கே விடியற்காலை சூரியோதயம் பார்க்கப் போவார்கள். கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் எழும்பும். படம் நன்றாக வரும். ஆனால் குளத்தங்கரையில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாகக் கூட்டம். நான் சொல்வது என்னவென்றால், சூரியோதயத்தைப் பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, கூட்டம் காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பும் நேரத்தில் நீங்கள் உள்ளே இருங்கள். அந்த ஒன்றரை மணி நேரம் சிற்ப மண்டபங்கள் கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம்.

உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். கோயிலை இடது கைப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். ஆமாம், அப்பிரதட்சிணம்தான். சுவரில் கதை அப்படித்தான் ஓடுகிறது. நம் கால் ஒத்துக்கொள்ளாது. என் வீட்டுக்காரர் பத்தடி போவதும் நிற்பதுமாக இருந்தார். மேற்குப் பார்த்த வாசலையும் இந்தச் சுற்றையும் சேர்த்துப் பார்த்து, இது அரசனின் ஈமக் கோயிலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் வருவது குருட்சேத்திரம். அம்பு தைத்த பீஷ்மரைக் கண்டதும் இவர் நின்றுவிட்டார். சின்ன வயதில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர். வழிகாட்டிப் பையன் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது இவரே அவனுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடுத்து தெற்குப் பக்கம் யமன், சித்திரகுப்தன், 37 சொர்க்கம், 32 நரகம். கிழக்குப் பக்கம் திரும்பினால் பாற்கடல் கடைதல், கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் விஷ்ணு, கீழே மீனும் முதலையும் சுழலில் சிதறிக் கிடக்கும். கடைசியில் மேற்குப் பக்கத்தின் மறுபாதியில் இலங்கைப் போர். பாரதமும் ராமாயணமும் தெரிந்தவர்களுக்கு இங்கே வழிகாட்டி பாதிதான் தேவை.

அங்கோரின் மற்ற கோயில்களில் பாயோன், தா ப்ரோம் இரண்டும் ஏழாம் ஜெயவர்மன் காலத்தவை. ஒன்றில் கல் முகங்கள், இன்னொன்றில் சுவரை விழுங்கிய மரவேர்கள். படங்களில் பார்த்ததுதான் நேரிலும். தா ப்ரோமைச் செப்பனிடுவதில் நம் தொல்லியல் துறைக்கும் பங்குண்டு என்பதால் அங்கே இந்தியக் கொடி போட்ட பலகையைப் பார்க்கலாம்.

நான் சொல்ல நினைப்பது பந்தியாய் ஸ்ரேய் பற்றித்தான். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறையாத தூரம், வயல் வழியாகப் போக வேண்டும். 967-இல் குடமுழுக்கான சிவன் கோயில். அரசன் கட்டியதில்லை, அரசவையில் இருந்த யக்ஞவராகன் என்பவர் எழுப்பியது. கோயில் சின்னது. வாசல் நிலைகள் குனிந்து போகும் அளவுதான். ஆனால் ரோஸ் நிற மணற்கல்லில், சந்தனக் கட்டையில் குடைந்த மாதிரி வேலை. கயிலையை அசைக்கும் ராவணன் இருக்கிறான், கம்சனைக் கொல்லும் கண்ணன் இருக்கிறான். கிழக்குக் கோபுர முகப்பில் ஆடும் சிவனை அண்ணாந்து பார்த்தால், பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் உருவம். வற்றிய உடம்பு, தொங்கிய முலை. காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள்.

காரைக்கால் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். மாங்கனித் திருவிழாவுக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த அம்மை கடல் தாண்டி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரி என்றேன். அவர்களுக்கு எவ்வளவு புரிந்திருக்குமோ.

சரி, அங்கோரில் கும்பிட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, எதிர்பார்க்காத இடத்தில். அங்கோர் வாட்டின் மேற்கு நுழைவாயிலில் எட்டுக் கை விஷ்ணு சிலை ஒன்று நிற்கிறது. ஊர் மக்கள் அவரைத் தா ரீச் என்று கூப்பிட்டு, காவித் துணி போர்த்தி, ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் பௌத்தர்கள். பெயர் மாறிவிட்டது, மதம் மாறிவிட்டது, சாமி இடத்தை விட்டு நகரவில்லை. சுற்றுலாக்காரர்கள் அவரைத் தாண்டி உள்ளே ஓடிவிடுகிறார்கள்.

இன்னொன்று. நாங்கள் போனது புரட்டாசியில், நம் மகாளய பட்ச நாட்களில். அங்கேயும் அதே பதினைந்து நாள் ப்சும் பென் என்று முன்னோருக்கானது. 'பென்' என்பது நம் பிண்டம்தான். விடிவதற்கு முன்னால் விகாரைக்குப் போய், இருட்டில் சுற்றி வந்து, பசியோடு அலையும் ஆவிகளுக்காகச் சோற்று உருண்டைகளை எறிகிறார்கள். தங்கியிருந்த வீட்டு அம்மாள் எங்களையும் கூட்டிப்போனார். கையில் ஒரு தட்டு. ஒட்டும் அரிசிச் சோறு, மேலே எள். இவர் வருஷா வருஷம் காவிரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பவர். அந்த வருஷம் விட்டுப்போயிற்றே என்று ரயில் ஏறியதிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஓர் உருண்டையை எடுத்து இவர் கையில் வைத்தார். அன்று காலை முழுக்க இவர் பேசவே இல்லை.

இப்போது கஷ்டங்கள். அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72, அதுவும் ஆளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு மூன்று நாள் சீட்டை வாங்குங்கள். அந்த மூன்று நாளும் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இது பெரிய வசதி, ஏனென்றால் தொடர்ந்து மூன்று நாள் கோயில் பார்த்தால் அங்கோர் வாட்டே அலுத்துவிடும். நடுவில் ஒரு நாள் தொன்லே சாப் ஏரிக்கோ சந்தைக்கோ போங்கள். மழைக்காலத்தில் மேக்கோங் ஆறு பெருகி, ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு திரும்பி ஏரிக்குள்ளேயே ஓடும் அதிசயம் அங்கேதான்.

கவிதாவின் முட்டிவலியை நான் மறக்கவில்லை. அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்குப் போகும் படி ஏணி மாதிரிச் செங்குத்து. தோளும் முட்டியும் மூடிய உடை இல்லையென்றால் ஏறவே விடமாட்டார்கள், பௌத்த விரத நாட்களில் மூடிவிடுவார்கள். அவள் கீழே உட்கார்ந்துகொள்ளட்டும், நஷ்டமில்லை. நல்ல சிற்பமெல்லாம் கீழேதான்.

சாப்பாட்டில் மீன் சாறு எல்லாவற்றிலும் கலந்திருக்கும். செந்திலுக்குக் கொண்டாட்டம். வாழை இலையில் தேங்காய்ப்பாலோடு வேகவைத்த மீன் ஆமோக்கைச் சாப்பிட்டால் ஊருக்கு வந்தும் அதையே பேசுவான். கவிதா சைவம் என்பதால் ஒவ்வொரு இடத்திலும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அவர்கள் காலையில் சாப்பிடும் நொம் பன்சொக் பார்க்க நம் இடியாப்பம்தான், மேலே ஊற்றும் குழம்பில்தான் மீன். டாலர் நோட்டில் நுனி கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள். எங்களிடம் ஒரு இருபது டாலர் அப்படியே ஊருக்குத் திரும்பி வந்து இன்னும் பீரோவில் கிடக்கிறது. 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்தது. சியெம் ரீப்பிலிருந்து அந்த எல்லை சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். பாங்காக் போய் அங்கிருந்து பஸ்ஸில் போகும் பழைய மலிவு வழியை மறந்துவிட்டு, விமானத்திலேயே போங்கள்.

பாலிக்கு வருகிறேன். கவிதா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவளுக்குக் கல்லில் ஆர்வமில்லை, மனுஷர் வேண்டும். பாலியில் மனுஷர் உண்டு.

உபுத் என்கிற ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். காலையில் அந்த வீட்டு மருமகள் குளித்து, இடுப்பில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு, ஒரு தாம்பாளத்தோடு வருவாள். அதில் தென்னங்குருத்தில் பின்னிய உள்ளங்கை அளவுத் தட்டுகள் இருபது முப்பது. சானாங் சாரி என்று பெயர். ஒவ்வொன்றிலும் நாலு நிறப் பூ, திசைக்கு ஒன்று: கிழக்குக்கு வெள்ளை, தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு மஞ்சள், வடக்குக்கு நீலமோ பச்சையோ. மேலே இரண்டு பருக்கைச் சோறு, சில சமயம் ஒரு பிஸ்கட், ஒருநாள் ஒரு சிகரெட்கூட. வாசலில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று, மோட்டார் சைக்கிள் மேல் ஒன்று. ஊதுவத்தி செருகி, பூவால் தண்ணீர் தெளித்து, விரல் நுனியால் புகையைச் சாமி பக்கம் மெல்லத் தள்ளுவாள். அவள் நகர்ந்த மறுநிமிஷம் நாய் வந்து பிஸ்கட்டைத் தின்னும். யாரும் விரட்டவில்லை. சாமி சாப்பிட்டாயிற்று, மிச்சம் யாருக்கானால் என்ன. என் மாமியார் கோலம் போட்டு முடித்ததும் எறும்பு வந்துவிட்டதா என்று பார்ப்பார். எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது.

பாலியில் நூற்றுக்கு 87 பேர் இந்துக்கள். ஆனால் நம் கோயில் என்று நினைத்துப் போனால் குழம்பிவிடுவீர்கள். கர்ப்பக்கிரகம் கிடையாது. திறந்தவெளி முற்றம், கூரை அடுக்கிய மேரு கோபுரங்கள், உயரத்தில் ஒரு காலியான கல் ஆசனம். பத்மாசனம் என்பார்கள், கடவுள் வந்து அமரும் இடம். சிலை எங்கே என்று இவர் தேடிக்கொண்டே இருந்தார். அவர்கள் தினம் மூன்று வேளை சொல்லும் திரிசந்தியா என்கிற பிரார்த்தனை காயத்ரி மந்திரத்தில்தான் தொடங்குகிறது. அதைக் கேட்டதும் இவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய கோயில்களில் உள்முற்றத்துக்குக் கும்பிட வருகிறவர்களை மட்டும்தான் விடுவார்கள். சுற்றுலாக்காரர்கள் மதிலுக்கு வெளியிலிருந்து எட்டிப்பார்க்க வேண்டியதுதான். நாங்களும் இந்துக்கள் என்று சொன்னால் சில இடத்தில் விடுகிறார்கள், சில இடத்தில் சிரித்துக்கொண்டே மறுக்கிறார்கள். முறையான உடை உதவும். இவர் வேட்டி கட்டி, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு போன ஊர்க்கோயிலில் வாசலில் இருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உள்ளே போய் உட்கார்ந்தோம். தீர்த்தம் தெளித்து, நெற்றியில் ஈர அரிசியை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பாலியில் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பேர் தெரியாத கோயில்தான். மாதவிலக்கு நாளில் வரவேண்டாம் என்று வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள், கவிதா, அதையும் தெரிந்துகொள்.

பேர் பெற்ற இடங்கள் அப்படி இல்லை. தீர்த்த எம்புல் ஊற்றுக் கோயில் 10-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. பக்தியோடு முழுக வந்த குடும்பத்துக்கு முன்னால், போட்டோ எடுக்க முழுகுகிறவர்கள் பத்துப் பேர் வரிசையில். கடலோர உலுவத்து கோயிலில் பாறை விளிம்பில் அந்தி வெளிச்சத்தில் கெச்சாக் ஆட்டம். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து வாயாலேயே தாளம் போட, ராமாயணம் நடக்கும். இந்த வடிவம் 1930-களில் உருவானது, பழமை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தாலும் அனுமன் நெருப்புக்குள் நிற்கும்போது கைதட்டாமல் இருக்க முடியாது. அங்கே குரங்குகள் கண்ணாடியைப் பறிக்கும். செந்தில், உன் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக்கொள்.

பாலியின் பெரிய எதிரி சாலை. வரைபடத்தில் முப்பது கிலோமீட்டர், வண்டியில் ஒன்றரை மணி நேரம். கோயிலுக்கென்று புறப்பட்ட எங்கள் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடும் லுவாக் காப்பித் தோட்டம் ஒன்றில் இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தைத் தின்றார். காப்பியும் நன்றாயில்லை. வாடகை வண்டி பேசும்போதே எந்தக் கடையிலும் நிற்கக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். இனி செலவு. வந்திறங்கி வாங்கும் விசா ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி 1.5 லட்சம். சைபரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அவ்வளவு பெரிய தொகை இல்லை. ஓட்டல் அறையும் வசதியும் பாலியில்தான் உயர்வு. சைவச் சாப்பாடும் சுலபம். தெம்பே என்கிற சோயாப்பண்டம் எங்கும் கிடைக்கும், சம்பலில் மட்டும் இறால் விழுது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேதி பார்க்காமல் டிக்கெட் போடக்கூடாத ஒரே ஊரும் இதுதான். சக வருஷப் பிறப்பான நியெபி அன்று, பெரும்பாலும் மார்ச்சில், தீவே வாயைக் கட்டிக்கொள்ளும். விளக்கு எரியாது, யாரும் தெருவில் இறங்கக்கூடாது, விமான நிலையம்கூட 24 மணி நேரம் மூடிவிடும். அதற்கு முந்தைய இரவு பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். தெரிந்தே போனால் அற்புதம், தெரியாமல் போனால் அறைச்சிறை. 210 நாளுக்கு ஒருமுறை வரும் கலுங்கான் சமயத்தில் போனால் தெருவெல்லாம் வளைந்த மூங்கில் தோரணம் நிற்கும்.

யாழ்ப்பாணத்துக்கு நிறைய எழுத வேண்டியதில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பலும் தொடங்கினார்கள், கடல் ஒத்துழைக்கும் நாட்களில் ஓடும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பூசை மணி தவறாது. கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலை, படகேறிப் போகும் நயினாதீவில் நாகபூசணி அம்மன், அதே தீவில் பௌத்த விகாரை. திருகோணமலை வரை போனால் சம்பந்தர் பாடிய கோணேசர். 1981-இல் எரிக்கப்பட்டு மறுபடி எழுந்த யாழ் நூலகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மொழி நம் மொழி, சாமி நம் சாமி. அதனால்தான் வெள்ளிவிழாப் பயணத்துக்கு இதை நான் சொல்லமாட்டேன். கவிதாவுக்கு இன்னொரு வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருக்கும், வெளிநாடு வந்த மாதிரி இருக்காது. நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியில் 25 நாள் நடக்கும். அதற்கென்று தனியாக நாலு நாள் எடுத்துக்கொண்டு போய்வரலாம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. இவருக்கு இதில் என் மேல் வருத்தம்தான்.

எட்டு நாளை இரண்டாகப் பிரித்து அங்கோர் பாதி, பாலி பாதி என்று செந்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். வேண்டாம். நடுவில் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறியே ஒரு நாள் போய்விடும்.

என் தீர்ப்பு மாதத்தைப் பார்த்துத்தான். தையில் கம்போடியாவில் மழை விட்டு, வெயில் ஏறாத காலம். கூட்டம் இருக்கும், ஆனால் நடக்கலாம். அதே தையில் பாலியில் அடைமழை. ஆகவே தையிலேயே போவதானால் அங்கோர். பிள்ளைகளுக்குப் பரீட்சை, லீவு கிடைக்கவில்லை என்று ஆனி ஆடிக்குத் தள்ளிப்போனால் பாலி, மறுபேச்சில்லை. அப்போது அங்கே மழை இல்லை, கம்போடியாவில்தான் மழை.

அங்கோர் என்றால் கவிதா சார்பாக மூன்று நிபந்தனை வைக்கிறேன். பந்தியாய் ஸ்ரேய்க்கு முதல் நாளே போக வேண்டும், மூன்றாம் நாள் களைத்துப்போய் பேருக்கு எட்டிப்பார்க்கக் கூடாது. ஓட்டலுக்குப் பதிலாக யாராவது வீட்டில் இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும். அவளுக்கு வேண்டிய மனுஷர் அங்கேதான் கிடைப்பார்கள். ஒரு முழு நாள் கோயிலே கிடையாது, அன்று எங்கே போவது என்பதை அவள்தான் சொல்வாள்.

இதை அனுப்பிய அரை மணி நேரத்தில் கவிதா போன் செய்தாள். "அண்ணி, அந்த அம்மையார் சிலைக்குப் படி ஏறணுமா?"

ஏற வேண்டாம், தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும் என்றேன்.